நோவை வென்ற மருந்துகள்

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளம் வரையும், அப்பால் களப்பைச் சுற்றிக் கற்பிட்டி வரையும் நீண்டு கிடக்கும் நெய்தல் நிலத்து மக்கள் நோவுக்கு எளிதில் அஞ்சுபவர் அல்லர். திருக்கை முள் தைத்த காலோடு வள்ளத்தைக் கரைசேர்ப்பவரும், உப்பு நீர் அரித்த பாதத்தோடு உப்பளத்தில் நாள் முழுதும் நின்று உழைப்பவரும் இக்கரையில் உண்டு. ஆயினும் அவர்களுள் பலர் ஒன்றுக்கு அஞ்சுவர். அது முதுகிலே இடும் விறைப்பு ஊசி. அந்த ஊசி ஏறினால் இடுப்பு விழுந்துவிடும், வாழ்நாள் முழுதும் முதுகு வலிக்கும், பிறகு வலை இழுக்க முடியாது என்பது ஊர்ப் பேச்சு. குடலிறக்கம் உடையவரும் ஓதம் கண்டவரும் இப்பேச்சைக் கேட்டே ஆண்டுக்கணக்கில் சத்திரசிகிச்சையை ஒத்திவைக்கின்றனர். ஒத்திவைத்த குடலிறக்கம் ஒருநாள் முறுகிக்கொண்டால், பகலில் அமைதியாகச் செய்திருக்க வேண்டிய சிறு சிகிச்சை நள்ளிரவில் உயிர்ப் போராட்டமாக மாறும்.

ஓதத்தைப் பற்றி நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. யானைக்கால் நோய் வேரூன்றியிருந்த இலங்கையின் எட்டு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. நுளம்பு பரப்பும் அந்நோயே ஆண்களில் பலருக்கு ஓதத்தையும் விளைத்தது. யானைக்கால் நோய் இந்நாட்டில் மக்கள் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாது ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் சான்று வழங்கியது. இது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் நோய்க்கிருமி ஒழிந்தமையால் முன்பே திரண்ட ஓதம் கரைந்துவிடாது. அதற்குப் பரிகாரம் சத்திரசிகிச்சையே. அது சிறு சிகிச்சைதான். இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்து முடித்துவிடலாம்.

நேயர்களே, யான் மருத்துவன் அல்லேன். மாணவருக்கு வரலாறு கற்பிப்பவன். அச்சத்தின் வேர் எங்கே இருக்கின்றது, அது எந்த அளவுக்கு உண்மை என்பதை அறிய வரலாறும் ஒரு வழி. முதுகில் இடும் விறைப்பு மருந்துகள் எவ்வாறு பிறந்தன, ஒன்றை விட்டு மற்றொன்றை மருத்துவர் ஏன் நாடினர் என்பதை இப்பொழுது காண்போம்.

விறைப்பு மருந்துகளுக்கு முன் வந்தவை மயக்க மருந்துகள். அவையும் வருமுன் சத்திர வைத்தியரின் சிறப்பு அவருடைய வேகத்தைக் கொண்டே அளக்கப்பட்டது. நோயாளியை நால்வர் அமுக்கிப் பிடிக்க, ஒருவர் அறுப்பார். 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வில்லியம் மோட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து ஒரு நோயாளியை உறங்க வைத்தார். யோன் கொலின்ஸ் வாறன் என்னும் சத்திர வைத்தியர் அந்நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியைப் பலர் முன்னிலையில் அறுத்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் எடின்பரோவிலே யேம்ஸ் சிம்சன் என்பார் குளோரோபோமின் ஆற்றலைக் கண்டறிந்தார்.

அதே 1847ஆம் ஆண்டிலேதான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். மானிப்பாயில் மருத்துவமனை நிறுவி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். துரூயிற் என்பாரின் சத்திர நூல் 'இரண வைத்தியம்' என்னும் பெயரோடு 1867ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்ததும் அவருடைய முயற்சியால் ஆனதே. நோவில்லாச் சத்திரசிகிச்சை என்னும் புதுமை உலகில் தோன்றிய ஆண்டுகளிலேயே, சத்திர அறிவைத் தமிழில் தரும் முயற்சியும் இத்தீவில் தொடங்கிவிட்டது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆனால் மயக்க மருந்து முழு மனிதனையும் உறங்க வைப்பது. அதன் ஆபத்து வெகு விரைவில் வெளிப்பட்டது. 1848ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியில் ஹன்னா கிறீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகம் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. குளோரோபோம் கொடுத்தனர், சில நிமிடங்களில் சிறுமியின் உயிர் பிரிந்தது. கால்விரல் நகத்துக்காக ஓர் உயிர்! குளோரோபோமின் ஆபத்து நீண்ட காலம் ஆராயப்பட்டது. 1888, 1889 ஆம் ஆண்டுகளில் ஐதராபாத் நிசாமின் ஆதரவில் எட்வேட் லோறி என்பார் தலைமையில் இரு குழுக்கள் கூடி ஆராய்ந்தன. அறுக்கவேண்டிய இடம் கால் என்றால், காலை மட்டும் உறங்க வைத்தல் ஆகாதா என்னும் கேள்வி மருத்துவ உலகில் இயல்பாகவே எழுந்தது.

அதற்கு விடை தென் அமெரிக்காவின் மலைநாட்டிலிருந்து வந்தது. அந்நாட்டுப் பழங்குடியினர் கொக்கோ இலையை மென்று பசியும் களைப்பும் ஆற்றுவர். நாம் பருகும் கொக்கோ வேறு. இது வேறு செடி. அவ்விலையின் சாரமாகிய கொக்கேயினை 1860ஆம் ஆண்டில் செருமனியில் அல்பேட் நீமன் என்பார் பிரித்தெடுத்தார். வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கொல்லர், அதன் கரைசலைக் கண்ணில் இட்டால் கண் உணர்ச்சியற்றுப் போவதைக் கண்டார். 1884ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் ஐடல்பேர்க் நகரில் கூடிய கண் வைத்தியர் மாநாட்டில் அச்செய்தி வெளியாயிற்று. நோயாளி விழித்திருக்கவே கண்ணில் சத்திரசிகிச்சை செய்யும் காலம் அன்று பிறந்தது.

1898ஆம் ஆண்டு ஓகஸ்ற் 16ஆம் நாள், செருமனியின் கீல் நகரில் ஓகஸ்ற் பியர் என்னும் சத்திர வைத்தியர் அம்மருந்தை முதுகுத் தண்டின் உறைக்குள் செலுத்தி ஒரு நோயாளியின் கணுக்காலிலே சத்திரசிகிச்சை செய்தார். இடுப்புக்குக் கீழே நோவில்லை. சில நாட்களின் பின், தம் உதவியாளர் ஹில்டபிராண்டின் முதுகில் அதே மருந்தை ஏற்றி, அவருடைய முழங்காலின் கீழ் எலும்பைச் சுத்தியலால் தட்டியும் நோவு தோன்றாமையைக் கண்டார். ஆனால் அப்பரிசோதனைக்குப் பின் இருவருக்கும் கடுந்தலைவலி உண்டாயிற்று. எழுந்து நின்றால் தலை பிளக்கும், படுத்தால் தணியும். பியர் பல நாட்கள் படுக்கையில் கிடந்தார்.

அத்தலைவலிக்குக் காரணம் அறிய முதுகின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். முதுகெலும்பை ஒரு குழாய் எனக் கொள்வோம். அதனுள்ளே மற்றுமொரு மெல்லிய குழாய் உண்டு. அதுவே உறை. உறைக்குள்ளே தெளிந்த நீரும் முதுகுத் தண்டும் நரம்புகளும் இருக்கின்றன. உறைக்கும் எலும்புக்கும் நடுவே கொழுப்பும் சிறு இரத்த நாளங்களும் கொண்ட ஓர் ஒடுங்கிய வெளி உண்டு. உறையைத் துளைத்து உள்ளே மருந்து இடுவது ஒரு முறை. பியர் செய்தது அது. உறையைத் துளையாமல் வெளியிலே மருந்தை இட்டு, அது நரம்புகளின் வேரிற் சென்று ஊற விடுவது மற்றொரு முறை. இதனையே எபிடியூரல் என்பர். உறையில் விழுந்த துளை வழியே நீர் கசிவதுதான் அத்தலைவலிக்குக் காரணம். ஆகவே உறையைத் துளையாத முறை நாடப்பட்டது.

1901ஆம் ஆண்டில் பாரிசிலே சிக்கார், கத்தலேன் என்னும் இருவர் தனித்தனியே, முதுகெலும்பின் அடியில் உள்ள சிறு வாயில் வழியாக இந்த வெளிக்குள் மருந்தைச் செலுத்தினர். 1921ஆம் ஆண்டில் பிடெல் பாகேஸ் என்னும் இசுப்பானிய இராணுவ மருத்துவர், இடுப்பின் நேரே ஊசியிட்டு அதே வெளியை அடைந்து, தம் முறையை இசுப்பானிய மொழியில் வெளியிட்டார். 1923ஆம் ஆண்டில் அவர் மோட்டார் விபத்தில் இறந்தார்; அவருடைய கட்டுரையும் பிற மொழியினர் கண்ணிற் படாமற் போயிற்று. பத்தாண்டு கழித்து இத்தாலியில் டொக்லியோட்டி என்பார் அம்முறையை மீண்டும் வகுத்தார். ஊசி முன்னேறும்போது பிசுடனை அழுத்தும் விரல் ஒரு தடையை உணரும்; வெளியை அடைந்த கணத்தில் அத்தடை நீங்கும். கண் காணாத இடத்தை விரல் காணும் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

முறை திருந்தினாலும் மருந்து திருந்தவேண்டியிருந்தது. கொக்கேயின் நச்சுத் தன்மை உடையது. அத்துடன் மனிதனை அடிமை கொள்வது. நரம்புகளில் அதனை ஏற்றிப் பரிசோதித்த நியூயோர்க் சத்திர வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்ரெட் தாமே அதற்கு அடிமையானார். மியூனிக் நகரின் இரசாயன அறிஞர் அல்பிரட் ஐன்ஹோண் 1904ஆம் ஆண்டில் புரோகேன் என்னும் செயற்கை மருந்தை ஆக்கினார். நொவொகேன் என்னும் பெயரால் உலகம் அறிந்தது அதுவே. அது அடிமை கொள்ளாது; நச்சும் குறைவு. ஆயினும் மெல்லவே பற்றும், விரைவில் நீங்கும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும்.

அடுத்த பெரும் அடி சுவீடனில் வைக்கப்பட்டது. பார்லித் தாவரத்தின் வேதியியலை ஆராய்ந்த அறிஞர், தாம் ஆக்கிய ஒரு பொருளை நாவிலே சுவைத்தபோது நா விறைத்தது. அச்சிறு செய்தியின் வழியே சென்ற நில்ஸ் லொவ்கிரென், பெங்ற் லுண்ட்குவிஸ்ற் என்னும் இருவர் 1943ஆம் ஆண்டில் லிக்னோகேன் என்னும் மருந்தை ஆக்கினர். லுண்ட்குவிஸ்ற் அதனைத் தம் உடம்பிலேயே ஏற்றிச் சோதித்தார். 1948ஆம் ஆண்டில் அது சந்தைக்கு வந்தது. விரைவாய்ப் பற்றும், உறுதியாய் விறைக்கும், ஒவ்வாமை மிக அரிது. பல் பிடுங்கும் போதும், வெட்டுக் காயத்துக்குத் தையல் இடும் போதும் நம்மவர் பெறும் ஊசி பெரும்பாலும் இதுவே. கத்னாச் செய்வதற்கு வீட்டுக்கு ஒஸ்தாவை அழைத்த முஸ்லிம் குடும்பங்களிற் பல இன்று வைத்தியரை நாடுகின்றன. அங்கும் சிறுவனின் நோவைப் போக்குவது இவ்வினத்து மருந்தே.

இனி, ஊர்ப் பேச்சின் அச்சத்துக்கு வேராகக் கூடிய ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். 1947ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் நாள், இங்கிலாந்தின் செஸ்டர்பீல்ட் நகர் மருத்துவமனையில் அல்பேட் வூலி, செசில் றோ என்னும் இருவர் முதுகில் ஊசி பெற்றனர். ஒருவருக்கு ஓதம், மற்றவருக்கு முழங்கால் குருத்தெலும்பில் ஊறு. இரண்டும் சிறு சிகிச்சைகளே. ஒரே நாளில் இருவரும் இடுப்புக்குக் கீழே செயலிழந்தனர்; மீண்டும் நலம் பெறவில்லை. வழக்கு 1954ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. மருந்துக் குப்பிகள் கிருமிநீக்கத்துக்காகப் பீனோல் கரைசலில் ஊற வைக்கப்பட்டிருந்தன. கண்ணுக்குப் புலனாகாத வெடிப்பு வழியே பீனோல் உட்சென்றது என்று அங்கே கொள்ளப்பட்டது. 1947இல் எவரும் அறியாத ஆபத்தை 1954இன் கண்ணாடி கொண்டு பார்த்துக் குற்றம் சாட்டலாகாது என்று டெனிங் பிரபு கருதினார். இருவருக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை. ஊசிகளைக் கொதிக்க வைத்த கலத்தில் தங்கிய அமிலமே காரணமாயிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் கூறினர். எவ்வாறாயினும் குற்றம் விறைப்பு மருந்தில் இல்லை. அதனைத் தூய்மை செய்த முறையிலே இருந்தது. ஆயினும் அந்நாட்டில் ஒரு தலைமுறைக் காலம் முதுகு ஊசி என்றாலே மருத்துவரும் தயங்கினர். மருத்துவரே தயங்கினர் என்றால் நம் ஊர் மீனவர் தயங்குவதைப் பேதைமை என்று எவ்வாறு கூறுவோம்? அவர் அறியவேண்டியது, அன்றுபோல் ஊசியைக் கொதிக்க வைத்துப் பலருக்கு வழங்கும் முறை இன்று இல்லை என்பதே. ஒருவருக்கு ஒருமுறை இடும் ஊசி, முத்திரையிட்ட உறையிலிருந்து எடுக்கப்பட்டு, பின் எறியப்படுகின்றது.

லிக்னோகேனுக்கு ஒரு குறை உண்டு. அதன் ஆற்றல் நீண்ட நேரம் நில்லாது. 1957ஆம் ஆண்டில் சுவீடனில் ஆக்கப்பட்டு, 1963 அளவில் வழக்கிற்கு வந்த பியூப்பிவாகேன் அக்குறையைப் போக்கியது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவோம். எபிடியூரல் வெளியில் இட்டால் லிக்னோகேன் ஏறத்தாழக் கால் மணிக்குள் பற்றி, ஒன்று முதல் இரண்டு மணிநேரம் நிற்கும். பியூப்பிவாகேன் பற்றச் சற்று நேரம் கூடும். ஆனால் இரண்டு முதல் நான்கு மணிநேரம் வரை, சில வேளை அதற்கு மேலும் நிற்கும். சிகிச்சை முடிந்து படுக்கைக்கு வந்த பின்னும் நோவு தலைகாட்டாது. செறிவைக் குறைத்து இட்டால் நோவை அகற்றிக் காலின் அசைவை ஓரளவு விட்டுவைக்கும் நற்பண்பும் அதற்கு உண்டு. பிரசவ நோவுக்கு அதனை நாடுவது இதனாலேயே. குளோரோபுரோகேன் என்னும் வேறொரு மருந்து இரண்டையும் விட விரைவாய்ப் பற்றி, ஒரு மணிநேர அளவில் நீங்கிவிடும். ஆகவே, மாலையில் வீடு திரும்பவேண்டிய சிறு சிகிச்சைக்குக் குறுகிய மருந்தும், பின்னர் நெடுநேரம் நோவு தரக்கூடிய சிகிச்சைக்கு நெடிய மருந்தும் பொருந்தும். எந்த மருந்து சிறந்தது என்னும் கேள்விக்கு, எந்த வேலைக்கு என்பதே முதல் விடை.

நெடிய மருந்துக்கு நெடிய ஆபத்தும் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. எபிடியூரல் முறைக்கு மருந்து மிகுதியாக வேண்டும். தவறி அது இரத்த நாளத்திற் புகுந்தால் இதயத்தை அடையும். லிக்னோகேன் இதயத்தில் விரைந்து புகுந்து விரைந்து நீங்கும். பியூப்பிவாகேனோ விரைந்து புகுந்து மெல்லவே நீங்கும். அதனால் நின்ற இதயத்தை மீட்டல் அரிதாயிற்று. 1979ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் ஆல்பிறைற் இவ்வாபத்தை எடுத்துரைத்தார். 1984ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, பிரசவத்துக்கு அம்மருந்தின் மிகு செறிவுக் கரைசலைப் பயன்படுத்துவதை நிறுத்தியது.

அறிஞர் காரணத்தைத் தேடினர். பியூப்பிவாகேனின் மூலக்கூறுகள் வலக்கையும் இடக்கையும் போல இரு வடிவாக இருப்பவை. இதயத்தை மிகுதியும் வருத்துவது வலக்கை வடிவமே. இடக்கை வடிவத்தை மட்டும் கொண்ட ரோப்பிவாகேன் 1990களின் நடுவிலும், லீவோபியூப்பிவாகேன் அப்பதிற்றாண்டின் முடிவிலும் வழக்கிற்கு வந்தன. இவை இதயத்துக்கு அதிகம் இணக்கமானவை. ரோப்பிவாகேன் காலின் வலுவையும் சற்றுக் கூடுதலாக விட்டுவைக்கும். ஆனால் விலை கூடியவை. விறைக்கும் ஆற்றலில் ரோப்பிவாகேன் சிறிது குறைந்தது. ஆதலால் பழைய இரு மருந்துகளும் நீங்கிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் லிக்னோகேனும் பியூப்பிவாகேனும் இன்றும் இடம்பெறுகின்றன. ஆபத்தைத் தடுக்கும் முறைகளும் வளர்ந்தன. மருந்தை ஒரே முறையில் செலுத்தாது சிறிது சிறிதாகச் செலுத்துவர். இதயத்தை மருந்து பற்றிவிட்டால், கொழுப்புக் கரைசலை இரத்தத்தில் ஏற்றி அதனை மீட்கலாம் என்பதை 1998ஆம் ஆண்டில் கை வைன்பேர்க் என்பாரின் ஆய்வு காட்டியது. 2006ஆம் ஆண்டில் அவ்வழியில் மனித உயிர் காக்கப்பட்ட செய்தி வெளிவந்தது.

இன்று குடலிறக்கம், ஓதம் போன்ற சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் உறைக்குள் இடும் ஊசியே போதும். மருந்து சிறிதளவே வேண்டும், விரைவிலும் பற்றும். நீண்ட நேரம் நோவைத் தடுக்க வேண்டியவர்க்கு, நுண்குழாய் ஒன்றை வைத்து மருந்தை மீண்டும் மீண்டும் செலுத்த எபிடியூரல் ஏற்றது. சிறு பிள்ளைகளுக்கு, 1901இல் பாரிசு மருத்துவர் கண்ட அந்த அடிமுதுகு வாயில் வழியே, அவர்கள் மயக்கத்தில் இருக்கும்போதே ஊசி இடுவர். பிள்ளை விழிக்கும்போது அழுகை குறையும்.

இனி ஊர்ப் பேச்சுக்கு விடை. பிரசவத்தில் எபிடியூரல் பெற்ற பெண்களையும் பெறாத பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நெடுங்கால முதுகுவலி இருசாராரிடமும் ஒத்தே காணப்பட்டது. ஊசி ஏறிய இடம் சில நாள் நொந்திருக்கும், அவ்வளவே. பியர் கண்ட தலைவலி இன்றும் சிலருக்கு வரும். ஊசிகள் நுண்மையானமையால் நூற்றில் ஒருவர் அளவுக்குக் குறைந்துள்ளது. அதற்கும் மருந்து உண்டு. நோயாளியின் இரத்தத்தையே சிறிது எடுத்து உறைக்கு வெளியே செலுத்தினால் துளை அடைபடும். 1960ஆம் ஆண்டில் கோம்லி என்பார் காட்டிய வழி இது. நிலைத்த நரம்பு ஊறு இன்றும் முற்றாக இல்லை என்று கூறலாகாது. ஆயின் அது மிக மிக அரிது. முறுகிய குடலின் ஆபத்தோ அரிதன்று.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நாம் கண்ட வரலாறு அதற்கு நல்ல விளக்கம். செஸ்டர்பீல்டில் தவறியது மருந்து அன்று, அதனைத் தூய்மை செய்து வைத்த துணைப்பணியே. மருந்து தவறியபோது மருத்துவர் அதனை மறைக்காது எழுதினர். அதனால் நல்ல மருந்து பிறந்தது. எஞ்சிய கூறு நோயாளியாகிய நம் பங்கு. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் அதனைச் சொல்லவேண்டும். முன்பு ஊசியால் ஒவ்வாமை கண்டவர் சொல்லவேண்டும். முதுகிலே புண்ணோ கொப்புளமோ இருந்தால் காட்டவேண்டும். என்ன ஊசி, எவ்வளவு நேரம் விறைத்திருக்கும், எப்பொழுது நடக்கலாம், எப்பொழுது கடலுக்குப் போகலாம் என்று கேட்கவேண்டும். இவற்றைக் கேட்பவரை எந்த நல்ல மருத்துவரும் கடிந்துகொள்ளார். கேட்டுத் தெளிந்து, காலந்தாழ்த்தாது சிகிச்சை பெறுவதே கரையோரக் குடும்பங்களுக்கு நன்மை தரும்.